மஞ்சளாகும் கருப்புப் படலம்

சூரிய மின்கலங்களில் ஒளியை உறிஞ்சும் பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்துக்கான மஞ்சள் கரைசல், சுழலும் கண்ணாடித் தகட்டின் மீது விட்டு, 100 டிகிரி செல்சியஸ் சூட்டுத் தட்டில் வைத்த சில நொடிகளில் கருத்துப் பளபளப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே படலத்தை ஈரக்காற்றில் சில நாட்கள் விட்டுவைத்தால், ஓரத்திலிருந்து மீண்டும் மஞ்சள் பரவத் தொடங்கும். படிகம் சிதைந்து மிஞ்சிய ஈய அயோடைடு அது.

2009-இல் ஜப்பானில் மியாசாகாவின் குழு அறிவித்த முதல் பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தின் திறன், அதாவது ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, 3.8 சதவீதம். இன்று ஆய்வகக் கலங்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. இந்த உயர்வில் பெரும்பங்கு, படிகத்தின் மேற்பரப்பிலும் படிகத்துகள்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளிலும் உள்ள குறைகளைச் சரிசெய்ததால் கிடைத்தது. அங்கே பிணைப்பு முழுமையடையாமல் நிற்கும் ஈய அயனிகள், ஒளி விடுவித்த எலக்ட்ரான்களைப் பிடித்து ஆற்றலை வீணாக்குகின்றன. அவற்றோடு பிணையும் மூலக்கூறுகளை மெல்லிதாகப் பூசினால் மின்னழுத்தம் கூடும். அயனிகள் இடம்பெயரும் வழியும் பெரும்பாலும் இதே குறைகள்தான் என்பதால், நல்ல பூச்சு கலத்தின் ஆயுளையும் நீட்டுகிறது.

ஈரத்தை இரு கண்ணாடிகளுக்கு இடையே மூடி, விளிம்பில் பியூட்டைல் ரப்பர் வைத்துப் பெருமளவு தடுத்துவிடலாம். வெப்பம் அப்படியல்ல, மூடிய கண்ணாடிக்குள்ளும் அது வேலை செய்யும். படிகத்தில் உள்ள மெத்திலம்மோனியம் என்ற கரிம அயனி சூட்டில் எளிதில் வெளியேறுவதால், பலரும் ஃபார்மமிடினியம் என்ற மற்றொரு கரிம அயனிக்கு மாறினோம்; அதன் கருப்புப் படிகமோ அறை வெப்பநிலையில் தானாகவே மஞ்சள் வடிவத்துக்குச் சரியும். (இது வேறு மஞ்சள், இங்கே மாறுவது படிக அமைப்பு மட்டுமே.) சிறிதளவு சீசியம் சேர்த்தால் கருப்பு வடிவம் நிலைக்கும்.

திறன் எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது என்பதை எங்கள் ஆய்வகத்திலேயே கற்றேன். மின்னழுத்தத்தை மேலிருந்து கீழாக மாற்றி அளந்தபோது அருமையாக இருந்த ஒரு கலம், கீழிருந்து மேலாக அளந்தபோது கணிசமாகக் குறைந்த திறனைக் காட்டியது. நகரும் அயனிகளின் வேலை அது. ஆகவே ஒரு சாதனைச் செய்தியைப் படிப்பவர், கலத்தின் பரப்பளவு எவ்வளவு, உச்சத் திறன் புள்ளியில் (கலம் மிக அதிக மின்சாரம் தரும் மின்னழுத்தத்தில்) தொடர்ந்து எத்தனை மணி நேரம் இயக்கினார்கள், எந்த வெப்பநிலையில் இயக்கினார்கள் என்று தேட வேண்டும். சூரியப் பலகைகளுக்கான ஐஇசி 61215 என்ற சர்வதேசத் தரநிலையில், 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் வைக்கும் சோதனை உண்டு. அது இருட்டில் நடப்பது. வெளியில் வைத்த கலமோ பகலில் ஒளியையும் சூட்டையும் சேர்த்தே தாங்குகிறது, இரவில் ஓய்கிறது, மறுநாள் மீண்டும் தொடங்குகிறது. தொடர்ந்து ஒளியில் நிலைத்து நின்ற சில கலங்கள் இந்தப் பகல் இரவுச் சுழற்சியில் விரைவாகவே தளர்ந்துபோகின்றன.