கூல்ஷிப்: தமிழில் என்ன சொல்லலாம்?

பனி உறைந்த கொல்லைப்புறம். நாலைந்து நண்பர்கள் கனத்த கோட்டும் கையுறையுமாக ஒரு பெரிய பாத்திரத்தைச் சுற்றி நிற்கிறார்கள். அடுப்பை அணைத்தாயிற்று, ஆனால் மூடி போடவில்லை. ஆவி முகத்தில் அடிக்கிறது. அவித்த தானியத்தின் இனிப்பு வாசனை. இலை தழை விழாமல் மேலே ஒரு மெல்லிய துணி கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இரவு முழுக்க அது வெளியிலேயே கிடக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் புளிப்பு பியர் காய்ச்சுகிற சிலர் குளிர்காலத்தில் செய்யும் வேலை இது. அந்தத் திறந்த பாத்திரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் கூல்ஷிப்.

பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. ‘கூல்’ என்றால் குளிர்ச்சி, ‘ஸ்கிப்’ என்றால் கப்பல். ஜெர்மன்காரர்களும் இதையே ‘க்யூல்ஷிஃப்’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குளிர்க்கப்பல்’ என்று வரும். ஐஸ் மீன் ஏற்றிப் போகிற கப்பல் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அந்த மொழிகளில் கப்பலுக்கான சொல் பழங்காலத்தில் பாத்திரத்தையும் குறித்தது. இதில் நமக்குப் புதுமை ஒன்றுமில்லை. தமிழில் ‘கலம்’ இரண்டு வேலையும் செய்கிறது: உண்கலமும் கலம்தான், மரக்கலமும் கலம்தான்.

இனி, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். முளைகட்டி உலர்த்திய பார்லியையும் கோதுமையையும் வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதைக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூவோடு கொதிக்க வைத்த பிறகு ஆற்ற வேண்டும். குளிரூட்டும் குழாய்கள் வருவதற்கு முன்னால் பியர் காய்ச்சிய பல இடங்களில் இதற்கென்று அகலமான, ஆழம் குறைந்த தொட்டி இருந்தது. காற்றுப் படும் பரப்பு கூடினால் சீக்கிரம் ஆறும் என்பதுதான் கணக்கு. ஆனால் திறந்த தொட்டியில் கண்ட கிருமியும் விழும். அதனால் மூடிய குழாய்கள் வந்ததும் பெரும்பாலோர் தொட்டியைக் கைவிட்டார்கள்.

கைவிடாதவர்கள் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸைச் சுற்றி லாம்பிக் என்ற புளிப்பு பியர் காய்ச்சுகிறவர்கள். கிருமி விழுவதுதானே அவர்களுக்கு வேண்டியது! அவர்கள் ஈஸ்ட் சேர்ப்பதே இல்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் புளிக்க வைக்கின்றன. நம் வீட்டு இட்லி மாவில் யாரும் ஈஸ்ட் போடாமலே பொங்குகிறதே, அந்த மாதிரி. 1900இல் தொடங்கிய காந்தியோன் என்ற ஆலை இன்றும் பரணில் உள்ள செம்புத் தொட்டியில்தான் ஆற்றுகிறது. காய்ச்சும் காலம் ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. கோடையில் செய்தால் ஓர் இரவில் சாறு போதுமான அளவு ஆறாது. வேண்டாத பாக்டீரியாவும் அதிகம் சேர்ந்துவிடும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் அலகாஷ் ஆலை 2007இல் இதே பாணியில் ஒரு தொட்டி வைத்தது. வீட்டில் காய்ச்சுகிறவர்களிடமும் இந்த ஆசை தொற்றிக்கொண்டது.

வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஆயிரக்கணக்கான லிட்டர் சாறு ஆற ஓர் இரவு பிடிக்கும். 20 லிட்டர் பாத்திரம் உறைபனியில் சில மணி நேரத்திலேயே சில்லிட்டுப்போகும்; காற்றிலிருந்து ஈஸ்ட் வந்து சேர நேரம் போதாது. ஆகவே சிலர் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைக்கிறார்கள். குளிர வைக்க வெளியே கொண்டுவந்துவிட்டு, சீக்கிரம் குளிராதே என்று போர்வையும் போர்த்துகிற கூத்து! காலையில் சாறு 20 டிகிரியை ஒட்டி வந்ததும் பீப்பாயிலோ கண்ணாடிக் குடுவையிலோ ஊற்றிவிடுவார்கள். முதல் சில வாரங்களில் ருசி பார்க்கக் கூடாது. ஆரம்பத்தில் பெருகுகிற பாக்டீரியாக்கள் வயிற்றுக்கு ஆகாதவை. புளிப்பு சரியாக இறங்க ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். (தமிழ்நாட்டில் யாரும் முயல வேண்டாம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.)

சரி, தமிழுக்கு வருவோம். ‘குளிர்கலம்’ என்றால் ஃப்ரிட்ஜ் நினைவுக்கு வரும். சூடானதை மெல்லச் சூடு தணிய விடுவதற்கு நம்மிடம் தனி வினை இருக்கிறது: ஆற்றுதல். பாலை ஆற்றுகிறோம், டீ ஆற்றுகிறோம். யாரும் டீயைக் ‘குளிர்விப்பதில்லை’. ஆகவே ஆற்றுகலம் என்றால் கேட்டவுடன் புரியும்.

ஆனால் இதைவிடப் பழைய சொல் ஒன்று, இதே தொழிலிலிருந்தே கிடைக்கிறது. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை, அரிசியிலிருந்து கள் எடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, ‘மலர்வாய்ப் பிழாவில் புலர ஆற்றி’, கறையான் புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோறு போன்ற, புளிக்க வைக்கிற அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். பிழா என்பது வாய் அகன்ற, தட்டுப் போன்ற கலம். மலர்ந்த வாய், ஆழம் குறைவு, சூடான தானியக் கூழை ஆற்றுவது: கூல்ஷிப்பின் இலக்கணம் முழுக்க இதில் இருக்கிறது. ‘புலர’ என்பதற்கு இங்கே உலர என்றுதான் பொருள். ஆனால் பொழுது புலரும்வரை ஆறுகிற பிரஸ்ஸல்ஸ் தொட்டியை நினைத்தால் அந்தச் சொல் இன்னும் அழகாகிவிடுகிறது.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். பிழாவில் ஆறிய களியில் அடையைக் கையால் கலந்தார்கள். கூல்ஷிப்பில் யாரும் எதையும் கலப்பதில்லை, காற்றோடு சரி. அதனால் என் வழக்கம் இது: எந்தத் தொட்டியானாலும் ‘ஆற்றுபிழா’ என்றே எழுதுகிறேன். காற்றிலிருந்து தானாகப் புளிக்க விடுவதைத் தனித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘திறந்த ஆற்றுபிழா’ என்று அடைமொழி சேர்த்துக்கொள்கிறேன்.