“ரொம்பப் பயந்த படம் எது?” என்று ஏன் கேட்கிறேன்

தூக்கம் வரவில்லை, காரணமே இல்லாமல் படபடப்பாக இருக்கிறது என்று வருகிறவர்களிடம் இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் ஒரு கேள்வி கேட்பேன். “இதுவரைக்கும் பார்த்ததிலேயே உங்களை ரொம்பப் பயமுறுத்தின படம் எது?” பலர் முதலில் சிரிப்பார்கள். ஆனால் பதில் உடனே வந்துவிடும். யோசிக்க நேரமே எடுப்பதில்லை.

நான் மருத்துவ உளவியலாளர். குழந்தைகளும் பதின்ம வயதினரும்தான் அதிகம் வருகிறார்கள், பெரியவர்களும் வருவதுண்டு. இத்தனை வருடங்களில் கேட்ட பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்கள் சொல்கிற படம், ‘உலகிலேயே பயங்கரமான படங்கள்’ என்று போடுகிற பட்டியல்களில் பெரும்பாலும் இருக்காது. பலருக்குப் படத்தின் பெயரே தெரியாது. ஒரே ஒரு காட்சி தெரியும். எந்த அறையில், எந்த மூலையில் உட்கார்ந்து பார்த்தோம் என்பது தெரியும். அப்போது என்ன வயது என்பதும் தெரியும். அந்த வயது அநேகமாகப் பத்துக்குள் இருக்கும்.

நாற்பதைத் தாண்டிய ஒருவர் சொன்னது இது. (இங்கே வருகிற எல்லோருடைய விவரங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.) “ஒரு படிக்கட்டு மேடம். இருட்டு. கீழேர்ந்து ஈரமான கை ஒண்ணு ஒவ்வொரு படியா ஏறி வரும்.” அப்போது அவருக்கு ஏழு வயது. இன்றைக்கும் விளக்கைப் போடாமல் எந்த மாடிப்படியிலும் கால் வைக்க மாட்டார். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இவர் விதிவிலக்கானவர் என்று நினைக்க வேண்டாம். 1999-இல் கிறிஸ்டன் ஹாரிசன், ஜோன் கேன்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதே போன்ற கேள்வியைக் கேட்டார்கள். சிறு வயதிலோ பதின்ம வயதிலோ திரையில் பார்த்த ஏதோ ஒன்று தங்களை உலுக்கியது என்று சுமார் 90 சதவீதம் பேர் சொன்னார்கள். அந்தப் பயத்தின் மிச்சம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று நான்கில் ஒருவர் சொன்னார். பார்த்துப் பல வருடங்கள் ஆன பிறகு!

இதைப் பெற்றோரிடம் சொன்னால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான். “படம்தானே?”

படம்தான். அது பொய் என்பது தெரிந்தால் பயம் போய்விடும் என்று நாம் நம்புகிறோம். இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படம் 1960-இல் வந்தது. ஷவரில் குளிக்கிற பெண்ணைக் கத்தியால் குத்திக் கொல்கிற அதன் குளியலறைக் காட்சியில் நடித்தவர் ஜேனட் லீ. ஏழு நாட்கள் அந்தக் காட்சியைப் படமாக்கினார்கள். கத்தி எங்கே நிற்கும், ரத்தமாக ஓடுவது சாக்லேட் சிரப், எல்லாம் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் படத்தைத் திரையில் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதையே விட்டுவிட்டேன், தொட்டியில்தான் குளிக்கிறேன் என்று பேட்டிகளில் சொன்னார். அந்தக் காட்சியின் நடுவில் நின்றவருக்கே இப்படி என்றால், ஆறு வயதுக் குழந்தையிடம் “அது பொய்டா” என்று சொல்லி என்ன எதிர்பார்க்கிறோம்?

பயம் மூளையில் இரண்டு வழியாக ஓடுகிறது. கண்ணும் காதும் தருகிற செய்தி, நாம் யோசித்து முடிப்பதற்குள் அமிக்டலா என்கிற சிறிய பகுதிக்குப் போய்விடுகிறது. பாதாம் பருப்பு அளவுதான் இருக்கும். இதயம் அடித்துக்கொள்வது, உள்ளங்கை வியர்ப்பது, தூக்கிவாரிப் போடுவது எல்லாம் அங்கிருந்து தொடங்கிவிடும். “இது திரை, நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்” என்ற அறிவு பின்னால் மெதுவாக வந்து சேரும். எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படுகிற ஒரு பெண்மணிக்கு அரிய மரபணு நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் பழுதாகிவிட்டது. ஆய்வாளர்கள் அவருக்குத் திகில் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள், உயிருள்ள பாம்பின் அருகே கூட்டிப்போனார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வின்படி அவரிடம் பயமே தென்படவில்லை. படம் என்று தெரிந்ததால் அவர் தைரியமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. பயத்தைக் கிளப்புகிற இடமே அவரிடம் வேலை செய்யவில்லை. நம் எல்லோரிடமும், நம் குழந்தைகளிடமும் அது நன்றாகவே வேலை செய்கிறது.

கிளம்பிய படபடப்பு படம் முடிந்ததும் அணைந்துவிடுவதும் இல்லை. கொஞ்ச நேரம் உடம்பில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கேட்கிற கதவுச் சத்தமும் அசைகிற திரைச்சீலையும் ஆபத்தாகத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நான் தினமும் பார்க்கிற உண்மை. ஆகவேதான் படுக்கப்போகும் முன் திகில் படம் வேண்டாம் என்கிறேன், பெரியவர்களுக்கும் சேர்த்து.

சரி, வயது ஏன் இவ்வளவு முக்கியம்? மிகச் சிறிய குழந்தைகள் கதையைப் பார்த்துப் பயப்படுவதில்லை, உருவத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ என்ற தொலைக்காட்சித் தொடரை வைத்து 1980-களில் ஓர் ஆய்வு நடந்தது. ஹல்க் நல்லவர், மற்றவர்களைக் காப்பாற்றுகிறவர். ஆனாலும் சாதாரண மனிதர் பச்சை உடம்பாக மாறுகிற இடத்தில்தான் பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் நடுங்கினார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை, கதை அவர்களுக்குப் புரிந்தது. ஏழு, எட்டு வயதுக்கு முன்னால் ‘இது நடிப்பு’ என்ற விளக்கம் வாயளவில்தான் நிற்கும். கேட்டால் “பொய்தான்” என்று குழந்தை தலையாட்டும். விளக்கை அணைத்தால் அழும்.

ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றை அவளுடைய அப்பா அழைத்து வந்தார். மூன்று வாரமாகக் கழிப்பறைக்குத் தனியாகப் போக மறுக்கிறாள், பள்ளியில் அடக்கி வைத்துக்கொள்கிறாள். உறவுக்காரப் பையன் போனில் காட்டிய சில நொடி வீடியோதான் காரணம். அப்பா நல்ல மனிதர். அவளுக்குப் புரிய வைக்கிறேன் என்று, அந்த முகத்துக்கு மேக்கப் எப்படிப் போட்டார்கள் என்ற வீடியோவைத் தேடிப் பிடித்துக் காட்டியிருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இது பலன் தந்திருக்கும். அவளோ, ஒரு நல்ல அங்கிள் முகம் கண்ணெதிரே பேயாக மாறுவதைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அப்பா ஷேவ் செய்யும்போதுகூட அருகில் போகவில்லை.

அவளுக்கு நாங்கள் எதையும் விளக்கவில்லை. முதல் வாரம் அம்மாவோ அப்பாவோ கழிப்பறை வாசலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் இரண்டடி தள்ளி, பிறகு அடுத்த அறையிலிருந்து. நடுவில் அந்த முகத்தை அவளையே வரையச் சொன்னேன். மூன்றாவது படத்தில் அதற்கு ரிப்பன் கட்டிவிட்டாள். பயம் போக ஆறு வாரம் ஆயிற்று. பயந்த சின்னக் குழந்தைக்கு முதலில் வேண்டியது மடி, வெளிச்சம், பக்கத்தில் ஓர் ஆள். பேச்சு அதற்கு அப்புறம்தான்.

அந்தச் சில நொடி வீடியோவைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இப்போது என்னிடம் வருகிற குழந்தைகளில் முழுப் படம் பார்த்துப் பயந்தவர்கள் குறைவு. துண்டுக் காட்சி, டிரெய்லர், ‘சிசிடிவியில் சிக்கிய உண்மைப் பேய்’ என்று வருகிற வீடியோ, இவைதான் அதிகம். முழுப் படத்துக்கு ஒரு முடிவு இருக்கும். விளக்கு எரியும், யாராவது தப்பிப்பார்கள். துண்டில் பயம் மட்டுமே இருக்கிறது, அதோடு நின்றுவிடுகிறது. குழந்தை அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கிறது என்பது என் அனுபவம்.

‘உண்மை’ என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1992 அக்டோபர் 31 இரவு பிபிசியில் ‘கோஸ்ட்வாட்ச்’ என்று ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. முன்பே படமாக்கப்பட்ட நாடகம் அது. ஆனால் மக்களுக்கு நன்கு தெரிந்த தொகுப்பாளர்களை அவர்களுடைய சொந்தப் பெயரிலேயே வைத்து, ஒரு வீட்டில் பேய் இருக்கிறதா என்று நேரலையில் ஆராய்வது போலக் காட்டினார்கள். நம்பியவர்கள் ஏராளம். அதைப் பார்த்த பத்து வயதுச் சிறுவர்கள் இரண்டு பேர் பேரதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனநல அறிகுறிகளோடு சிகிச்சைக்கு வந்ததை 1994-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பதிவு செய்தது. அன்றைக்கு அது ஒரே ஓர் இரவு. இன்று அதே தந்திரம் நாள் முழுக்கப் போனில் ஓடுகிறது, முன்னெச்சரிக்கை ஒரு வரிகூட இல்லாமல்.

பெரியவர்கள் மட்டும் தப்பித்துவிடுவதில்லை. ‘எக்ஸார்சிஸ்ட்’ என்ற பேய்ப்படம் 1973 கடைசியில் வெளியானது. அதைப் பார்த்த பிறகு மனநல உதவி தேவைப்பட்ட நான்கு பேரைப் பற்றி 1975-இல் ஜேம்ஸ் பொஸுட்டோ என்ற மருத்துவர் எழுதினார். ஒரு படம் மட்டுமே ஆளைச் சாய்ப்பதை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஏதோ ஒன்றோடு அது முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன், பாட்டி இறந்த பதினோராம் நாள் நண்பர்களோடு ஒரு பேய்ப்படம் பார்த்தான். அதில் இறந்த கிழவி ஒருத்தி திரும்பி வருவாள். அவனுக்குப் பயத்தைவிடக் குற்ற உணர்ச்சிதான் அதிகம். “பாட்டிய நினைச்சாலே அந்த மூஞ்சிதான் வருது” என்று அழுதான். அவனோடு நாங்கள் பேசியதெல்லாம் பாட்டியைப் பற்றித்தான். படத்தைப் பற்றிப் பேச வேண்டியே வரவில்லை. வீட்டில் சாவு, விபத்து, பெற்றோர் பிரிவு நடந்திருக்கிற சமயத்தில் பிள்ளை என்ன பார்க்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள்.

ரத்தக் காட்சியில் மயங்கி விழுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமான பயத்தில் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், காயம் பார்த்தால் சிலருக்கு ஏறி, உடனே சரிந்துவிடும். இது உடம்பின் அமைப்பு, கோழைத்தனம் கிடையாது. கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிறகு தளர்த்துவதைச் சில முறை செய்தால் மயக்கத்தைத் தடுக்கலாம். இதையே சிகிச்சையாகவும் கற்றுத் தருகிறோம்.

நான் திகில் படங்களுக்கு எதிரி இல்லை. தன் விருப்பத்தோடு, தன் கையில் ரிமோட்டோடு பயப்படுவது ஒரு வகைப் பயிற்சிதான். கொரோனா காலத்தில் திகில் பட ரசிகர்கள் மனதளவில் சற்றுக் குறைவாகவே தத்தளித்தார்கள் என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. என் கவலை, விருப்பமில்லாமல் உட்கார வைக்கப்படுகிறவர்களைப் பற்றியது. “பயந்தாங்கொள்ளி” என்ற சொல்லுக்குப் பயந்து நண்பர்களோடு உட்கார்கிற பையன்கள். குழந்தையிடம் பயங்கர முகத்தைத் திடீரென்று காட்டி, அது அலறுவதைப் படம் பிடித்துச் சிரிக்கிற பெரியவர்கள். இதை விளையாட்டு என்று என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. அந்தக் குழந்தை பயத்தில் உங்களைத்தான் திரும்பிப் பார்த்தது. நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

பார்த்தாகிவிட்டது, இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: கொஞ்சம் பெரிய பிள்ளைகளும் பெரியவர்களும், பார்த்தவுடன் கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுக்கிற ஒன்றில் இறங்குங்கள். 2009-இல் எமிலி ஹோம்ஸ் குழுவினர் கொடூரமான காட்சிகளைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரை, அரை மணி நேரம் கழித்துப் பத்து நிமிடம் டெட்ரிஸ் ஆட வைத்தார்கள் (மேலிருந்து விழுகிற கட்டங்களைப் பொருத்தி அடுக்குகிற வீடியோ விளையாட்டு அது). ஆடியவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் தானாக மனதில் வந்து நிற்பது குறைந்தது. படம் வரைவது, ஜிக்சா அடுக்குவது போன்றவற்றை நான் சொல்கிறேன். கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகல் வெளிச்சத்தில் அந்தக் கனவை எழுதி, முடிவை உங்கள் விருப்பப்படி மாற்றி, மாற்றியதை மட்டும் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். எளிமையாகத் தெரியும், ஆனால் பலன் தருகிற முறை.

இரவின் முற்பகுதியிலேயே குழந்தை அலறி எழுந்து, யாரையும் அடையாளம் தெரியாமல் விழித்து, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது வேறு. அது ஆழ்ந்த தூக்கத்தில் வருகிற அலறல், கெட்ட கனவு அல்ல. எழுப்ப முயலாமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தூக்கமோ சாப்பாடோ பள்ளியோ பாதிக்கப்பட்டு ஒரு மாதம் தாண்டினால், அல்லது குழந்தை சிறுநீரையோ மலத்தையோ அடக்கி அடக்கி உடம்புக்கு வந்தால், காத்திருக்காமல் அழைத்து வாருங்கள்.

படிக்கட்டுக்காரரிடம் சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் படத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். தேடிப் பிடித்துவிட்டார். பகலில், மனைவி பக்கத்தில் இருக்க, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அடுத்த முறை வந்தபோது வெகு நேரம் பேசவில்லை. கை இருந்ததாம். சில நொடிகள்தான், ஒரு கிணற்றடியில். படிக்கட்டு மட்டும் படம் முழுக்க எங்கேயுமே இல்லை.

பெரியவர்கள் கீழே படம் பார்த்துக்கொண்டிருக்க, கதவிடுக்கில் நின்று அவர் எட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்தது தெரிந்தால் திட்டுவார்கள் என்று, சத்தம் காட்டாமல் மாடிக்குத் திரும்பி ஏறியிருக்கிறார்.

“லைட்டு போடல மேடம்,” என்றார். “போட்டா நான் முழிச்சிருக்கறது தெரிஞ்சிடும்ல.”