ஹைப்பர்தெர்மியா: நோய்க்கும் சிகிச்சைக்கும் ஒரே பெயர்

கிரேக்கத்தில் 'ஹைப்பர்' என்றால் மேல், மிகுதி. 'தெர்மே' என்றால் வெப்பம். உடல் வெப்பநிலை அளவுமீறி ஏறிப்போன நிலைதான் ஹைப்பர்தெர்மியா. காய்ச்சல் வேறு. காய்ச்சலில் மூளையின் ஹைப்போதலாமஸே வெப்பத்தின் இலக்கை உயர்த்தி வைக்கிறது. ஹைப்பர்தெர்மியாவில் இலக்கு மாறுவதில்லை. சேர்ந்த சூட்டை வெளியேற்ற முடியாமல் உடல் திணறுகிறது. கடும் வெயில் தாக்கி மயங்கி விழுவது இந்த வகை.

சரி, புற்றுநோய் மருத்துவர் இதே சொல்லைச் சொன்னால்? அது சிகிச்சை. கட்டியை வேண்டுமென்றே சுமார் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவது. அந்தச் சூட்டில் புற்றுச் செல்களின் புரதங்கள் குலைகின்றன. கதிர்வீச்சுக்கும் சில மருந்துகளுக்கும் அவை எளிதில் பணிகின்றன. பக்கத்துத் திசுவைச் சுடாமல் கட்டியை மட்டும் சுடுவதுதான் பெரிய பாடு. நானோ துகள்கள் வருவது அதற்காகத்தான்: மீட்டரின் நூறு கோடியில் சில பங்கே அளவுள்ள இவற்றைக் கட்டிக்குள் சேர்த்து, வெளியிலிருந்து சூடேற்றலாம்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. தங்க நானோ துகள்மீது அண்மை அகச்சிவப்பு (கண்ணுக்குத் தெரியும் சிவப்பை அடுத்துள்ள ஒளி) லேசரைப் பாய்ச்சினால், அதன் எலக்ட்ரான்கள் ஒளியலைக்கு இசைந்து கூட்டமாக அலைவுறும். உறிஞ்சிய ஒளி வெப்பமாக மாறும். அந்த ஒளி திசுவைச் சில சென்டிமீட்டருக்கு மேல் ஊடுருவாது. ஆழமான கட்டிக்கு இரும்பு ஆக்சைடு துகள்களே தோது. வெளியிலிருந்து மாறுதிசைக் காந்தப்புலத்தைச் செலுத்தினால், நொடிக்கு லட்சம் முறை என்ற கணக்கில் திசை மாறும் புலத்தின் பின்னால் துகளின் காந்தமுனையும் திரும்பித் திரும்பிச் சூடேறும். 1957-லேயே மருத்துவர் கில்கிறிஸ்ட்டின் குழுவினர் நிணநீர்க் கணுக்களில் இதைச் சோதித்திருக்கிறார்கள். இரும்பு ஆக்சைடு உலோகமல்ல, உலோகச் சேர்மம். ஆனாலும் பேச்சில் எல்லாம் 'உலோகத் துகள்' ஆகிவிடுகிறது.

தமிழுக்கு வருவோம். நோய்நிலைக்கு 'மிகைவெப்பம்' பொருத்தம். சிகிச்சைக்கும் அதையே வைத்தால் ஆங்கிலத்தில் உள்ள குழப்பம் அப்படியே நம்மிடம் வந்து சேரும். அதற்கு 'வெப்பமூட்டு சிகிச்சை' என்பேன்; துகள் வழியாக நடந்தால் 'நானோ துகள் வெப்பமூட்டு சிகிச்சை'. நானோவை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 'நுண்துகள்' என்றால் ஆயிரம் மடங்கு பெரிய மைக்ரோ துகளும் அதில் அடங்கிவிடும்.

அப்புறம், ஹைப்போதெர்மியா என்றொரு சொல்லும் உண்டு. அது நேரெதிர்: உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது, குறைவெப்பம். தட்டச்சில் இரண்டும் அடிக்கடி இடம் மாறும்.