அந்தி வானமும் பலூன் தீயும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ஆல்புகெர்க்கி நகரில், ஆண்டுதோறும் அக்டோபர் தொடக்கத்தில் ஒன்பது நாள்கள் பன்னாட்டு பலூன் திருவிழா நடைபெறுகிறது. 1972ஆம் ஆண்டு ஒரு வணிக வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் 13 வெப்பக்காற்று பலூன்களுடன் தொடங்கிய அவ்விழாவில் இப்போது நூற்றுக்கணக்கான பலூன்கள் கூடுகின்றன. காலையில் அவை கூட்டமாக மேலெழுவதைப் படம்பிடிப்பது ஓரளவு எளிது. என் கணிப்பில், ஒளியைப் பற்றிய அறிவு உண்மையில் தேவைப்படுவது மாலை நிகழ்ச்சிக்குத்தான். அப்போது பலூன்கள் தரையை விட்டு எழாமல் நிமிர்ந்து நிற்க, ஓட்டிகள் பலூனின் வாய்க்குக் கீழுள்ள எரிவாயு அடுப்பான பர்னரை இயக்கி அவற்றைப் பெரும் விளக்குகளைப் போல ஒளிரச் செய்கிறார்கள்.

பலூனை உயர்த்தும் தீ வேறு, அதை ஒளிரவைக்கும் தீ வேறு. பறக்கும்போது திரவ புரொப்பேன், தீயைச் சுற்றி வளைந்த குழாய்ச்சுருளின் வழியாகச் சென்று, சூடேறி வாயுவாகி, காற்றுடன் நன்கு கலந்து எரிகிறது. அந்தச் சுடரில் வெப்பம் மிகுதி, வெளிச்சம் குறைவு. எரியும் மூலக்கூறுகள் உடைந்து உண்டாகும் துணுக்குகள் உமிழும் நீல ஒளியே அதில் மேலோங்கியிருக்கும். பர்னரில் இன்னொரு வால்வும் உண்டு. அதைத் திறந்தால் திரவம் சுருளுக்குள் செல்லாமல் நேராகத் தீக்குள் பாய்கிறது. போதிய காற்று கலக்காததால் நுண்ணிய கரித்துகள்கள் உருவாகி, மெழுகுவர்த்திச் சுடரில் நிகழ்வதைப் போலவே சூட்டில் மஞ்சளாக ஒளிர்கின்றன. இந்தத் தீயின் இரைச்சல் குறைவு என்பதால், மேயும் கால்நடைகள் மிரளாதிருக்க அவற்றின் மேலே பறக்கும்போது இதைப் பயன்படுத்துவார்கள். ‘மாட்டு பர்னர்’ என்றே இதற்குப் பட்டப்பெயர். மாடுகளுக்காகச் செய்த ஏற்பாடு படக்காரர்களுக்கும் வாய்த்துவிட்டது.

மஞ்சள் தீயில் நீல ஒளி மிகக் குறைவு என்பதை மறந்தால் படம் ஏமாற்றும். பகலில் பலூனின் நைலான் துணி சூரிய ஒளியைத் திருப்பியனுப்புவதால் எல்லா நிறங்களும் தெரிகின்றன. இரவிலோ ஒளி உள்ளிருந்து துணியை ஊடுருவி வர வேண்டியிருப்பதால், ஒவ்வொரு துணித்துண்டும் ஒரு நிற வடிகட்டியாகிவிடுகிறது. வெள்ளை, மஞ்சள், சிவப்புத் துண்டுகள் தகதகக்க, பகலில் கண்ணைக் கவர்ந்த அடர்நீலம் மங்கிவிடும். கேமராவிலும் இதே சிக்கலின் மறுபக்கம் எழுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறப் பதிவுகளில் சிவப்பே முதலில் நிரம்பி வழிவதால், சுடருக்கு அருகிலுள்ள துணி, தையல் தெரியாத மஞ்சள் திட்டாகிவிடும். ஆகவே கேமராத் திரையில் மொத்த ஒளியளவைக் காட்டும் வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) நம்பாமல், சிவப்பின் வரைபடத்தைத் தனியே பார்த்து வெளிச்சத்தைக் குறைப்பது நல்லது. தானியங்கி நிறச் சமநிலையையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் விரும்பிய அதே மஞ்சளைக் குறையெனக் கருதிக் கேமரா நீக்க முயலும்.

தீயின் பிரகாசம் மாலை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க, வானத்தின் வெளிச்சமோ விரைந்து சரிகிறது. சூரியன் மறைந்து அடிவானத்துக்கு 6 பாகை கீழே இறங்கும்வரை அங்கே ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஆகும்; தெளிந்த வானமாயின் அதற்குள் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகிவிடும். அதாவது, சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. இந்நேரத்தில் தலைக்கு மேலே தெரியும் ஆழ்ந்த நீலத்துக்கு முதன்மைக் காரணம் ஓசோன் படலம்; சாய்ந்து வரும் கதிர்கள் அதன் வழியே நெடுந்தொலைவு கடக்கையில் ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களை அது உறிஞ்சிவிடுகிறது. எனவே கேமராவின் அளவுகளைத் தீக்கு ஏற்ப நிலைநிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். முதலில் வானம் வெளிறியிருக்கும், பிறகு கறுத்துவிடும். இடையில் தீயின் மஞ்சளும் வானின் நீலமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பது சில நிமிடங்களே. எல்லா ஓட்டிகளும் ஒரே சமயத்தில் தீயை எழுப்ப ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்வார்கள். அந்தச் சில விநாடிகளுக்குள் ஷட்டரை அழுத்த வேண்டும். முக்காலி இருந்தும் அரை விநாடிப் பதிவு உதவாது, ஏனெனில் பலூன் அசைந்துகொண்டே இருக்கும்.

விடியலுக்கு முன் பறந்து காற்றை அறியச் செல்லும் சில பலூன்களில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும் பலூன், விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் 18 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அறுபதில் ஒரு பங்கு எனில் 5 சென்டிமீட்டருக்கும் குறைவே. எந்தப் பக்கம் நகரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். இரவில் குளிர்ந்த காற்று ரியோ கிராண்டே ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே தெற்கு நோக்கி வழிய, அதற்கு மேலே காற்று வடக்கு நோக்கி வீசும் காலைகளில், தாழ்வாகத் தெற்கே சென்ற பலூன் உயர ஏறிப் புறப்பட்ட திடலுக்கே திரும்பக்கூடும். இதை ‘ஆல்புகெர்க்கி பெட்டி’ என்கிறார்கள். கிழக்கே சாண்டியா மலைத்தொடர் நிற்பதால் திடலுக்கு வெயில் தாமதமாகவே வருகிறது. தரையில் நிற்பவை நிழலில் இருக்க, மேலே சென்ற பலூன்கள் முதலில் வெயிலைப் பெறும். அப்போது மேற்கே திரும்பி நின்றால், வெயில் பட்ட அவற்றின் முகம் கேமராவை நோக்கி இருக்கும்.