ஊதிப் பார்த்தால் வைரம் தெரியுமா?

மோதிரத்தை மேசைமேல் வைத்தவர், கூடவே ஒரு கண்ணாடித் துண்டையும் எடுத்து வைத்தார். அதன் குறுக்கே நீளமாக ஒரு கீறல். "நானே கீறிப் பார்த்துவிட்டேன் சார், வைரம்தான். எடையை மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றார். லென்ஸை எடுத்துப் பார்த்தேன். கல்லின் விளிம்பில் புதிதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அது வைரமல்ல, அமெரிக்கன் டைமண்ட் என்று பரவலாகச் சொல்லப்படும் கியூபிக் சிர்கோனியா.

கற்களைச் சோதித்துச் சொல்வது என் தொழில். வீட்டிலேயே தீர்ப்பை எழுதி எடுத்துக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கண்ணாடியைக் கீறுவதற்கு வைரம் தேவையே இல்லை. கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவில் வைரம் 10, கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரை. சாதாரணப் படிகக்கல் 7, சிர்கோனியா 8க்கும் மேல், சஃபையர் என்ற நீலக்கல் 9. இவை அத்தனையும் கண்ணாடியில் கோடு போடும். கீறி முடித்ததும் உங்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: கண்ணாடி கெட்டுவிட்டது.

உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. கறுப்பு உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகள் பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு. வைரத்துக்குப் போலியாக இன்று அதிகம் புழங்கும் மோய்சனைட்டும் அதே சிலிக்கன் கார்பைடுதான். தன் இனத்தோடு உரசுகிற கல்லில் கீறல் விழவில்லை என்று நீங்கள் மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். கல்லைப் பிடித்திருக்கும் தங்கம் மட்டும் வீணாகத் தேய்ந்துபோகும்.

சுத்தியல் சோதனை இன்னும் மோசம். வைரத்தைப் பட்டடையில் வைத்து அடித்தால் சுத்தியல்தான் உடையும் என்று முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி எழுதிவைத்தார். அதை நம்பி எத்தனை நல்ல கற்கள் தூளாயினவோ. கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. விறகு நார் போகிற வாக்கில் பிளப்பதைப்போல வைரமும் நான்கு திசைகளில் எளிதாகப் பிளக்கும். நெருப்பில் காட்டிக் குளிர்ந்த நீரில் போடுவதையும் விட்டுவிடுங்கள். உள்ளே விரிசல் உள்ள கல் என்றால் அது பெரிதாகிவிடும். விரிசலைக் கண்ணாடிப் பொருளால் நிரப்பிய கல் என்றால் அந்த நிரப்பல் கெட்டுவிடும்.

வீட்டுச் சோதனை எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்கு ஒரு பக்கம்தான் வாய் உண்டு. "இது வைரமல்ல" என்று அவை சொல்லக்கூடும். "இது வைரம்" என்று ஒருபோதும் சொல்லா. அந்த முதல் பதிலைக்கூடச் சில சமயம் தவறாகச் சொல்லிவிடும்.

ஒரு பெண்மணி தன் தாயாரின் தோடுகளோடு வந்தார். ஊதிப் பார்த்தாராம், வைரமானால் சட்டென்று மறைய வேண்டிய ஆவி பனி படிந்தது போல் நின்றதாம். போலி என்று முடிவுகட்டி, தங்கத்துக்கு மட்டும் விலை பேசி மாற்றிவிடுவதாக இருந்தார். கற்கள் மங்கலாக, கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல இருந்தன. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத் துளைகள் முழுக்கச் சோப்பும் எண்ணெயும் சேர்ந்து இறுகிய வெள்ளைப் பசை. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு ஊறவைத்து, குழந்தைகளின் மென்மையான பல்துலக்கியால் அடிப்பக்கத்திலிருந்து தேய்த்தேன். பசை ஒரு சிறு கட்டியாகவே பெயர்ந்து விழுந்தது. துடைத்து வெளிச்சத்தில் திருப்பியபோது நீரோட்டம், அதாவது கல்லின் ஒளி, திரும்பியிருந்தது. கருவிகளில் வைத்தும் பார்த்தேன், அத்தனையும் வைரம். வைரத்துக்கு எண்ணெய்ப்பசையோடு ஓர் ஒட்டுறவு உண்டு. தண்ணீர் அதில் ஒட்டாது. சுரங்கங்களில் மசகு தடவிய பலகைமேல் நீரோடு சரளையை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தை மட்டும் வழித்தெடுத்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். அதே குணத்தால்தான் உங்கள் விரல் எண்ணெயும் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. எந்தச் சோதனைக்கும் முன்னால் கல்லைக் கழுவுங்கள். அடிப்பக்கம் மூடியிருக்கும் பழைய நகையை மட்டும் நீரில் போட வேண்டாம். உள்ளே பளபளப்புக்காகத் தகடு வைத்திருந்தால் நனைந்து கறுத்துவிடும்.

ஊதும் சோதனையில் சுத்தமான வைரத்தின் ஆவி சட்டென்று மறையும், ஏனென்றால் அது செம்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மோய்சனைட்டிலும் கிட்டத்தட்ட அப்படியே மறையும். தண்ணீரில் போட்டால் மூழ்குகிறதா என்பது சோதனையே அல்ல, கண்ணாடியும் மூழ்கும். புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வைரங்கள்தான், ஒளிராவிட்டால் அதற்கு அர்த்தம் எதுவுமில்லை. அச்சடித்த தாள்மேல் கல்லைக் கவிழ்த்து வைத்து, அதன் வழியே எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது கண்ணாடியைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பட்டை ஆழமில்லாத அசல் வைரத்தில்கூட எழுத்து தெரியலாம்.

நகையில் பதிக்காத தனிக் கல் என்றால், நான் மதிக்கிற வீட்டுச் சோதனை எடைதான். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசும், விட்டம் அளக்க ஒரு வெர்னியர் அளவியும் போதும். ஒழுங்காகப் பட்டை தீட்டிய 6.5 மில்லிமீட்டர் வட்ட வைரம் ஏறக்குறைய ஒரு காரட், அதாவது 0.20 கிராம். அதே அளவு சிர்கோனியா 0.33 கிராம் அளவில் நிற்கும். தராசு தயங்காமல் சொல்லிவிடும். மோய்சனைட் 0.18 கிராம், இங்கே தராசு திணறும்.

மோய்சனைட்டுக்கு லென்ஸ்தான் வழி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை அதன் அருகே கொண்டுவாருங்கள். நேராக மேலிருந்து பார்க்காதீர்கள். சற்றே சாய்த்து, மேல்பட்டை ஒன்றின் வழியாக அடிப்பட்டைகளின் விளிம்புகளைப் பாருங்கள். வைரத்தில் ஒவ்வொரு விளிம்பும் ஒற்றைக் கோடு. மோய்சனைட் ஒளியை இரண்டாகப் பிரிப்பதால் கோடுகள் தண்டவாளம்போல இரட்டையாகத் தெரியும். முதல் நாள் பிடிபடாது. ஒருமுறை பிடிபட்டால் பிறகு கண் மறக்காது. இதில் ஏமாந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. 1893இல் அரிசோனாவில் கிடைத்த விண்கல் துண்டில் மோய்சனைட்டைக் கண்டெடுத்த ஹென்றி மோய்சானே முதலில் வைரம் என்றுதான் நினைத்தார். சிலிக்கன் கார்பைடு என்று உறுதியானது 1904இல். பின்னாளில் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

அதே லென்ஸில், அணிந்து பழகிய நகையானால் பட்டைகள் சந்திக்கும் விளிம்புகளையும் பாருங்கள். சிர்கோனியாவில் அவை தேய்ந்து மழுங்கியிருக்கும். வைரத்தில் பெரும்பாலும் கத்திபோல நிற்கும்.

பேனா வடிவச் சோதனைக் கருவியை வாங்கிவைத்துக்கொண்டு எல்லோருடைய மோதிரத்தையும் தொட்டுப் பார்க்கும் நண்பர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். மலிவான கருவி அளப்பது வெப்பக் கடத்தலை மட்டும். மோய்சனைட்டைத் தொட்டாலும் வைரம் என்று பீப் ஒலி எழுப்பும்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் போலி அல்ல. அது அதே கார்பன், அதே கடினம், அதே எடை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1954இலேயே அதை உருவாக்கிவிட்டது. நகைக்கடைக்குப் பெருவாரியாக வந்தது மிகவும் பின்னால். மேலே சொன்ன எல்லாச் சோதனைகளிலும் அது தேறும். என் லென்ஸும் பல சமயம் அதனிடம் தோற்கும். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த பெரும்பாலான வைரங்களில் நைட்ரஜன் அணுக்கள் கூட்டமாகச் சேர்ந்திருக்கும். அது இருக்கிறதா என்று பார்க்க, கல் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலைக் கருவி வேண்டும். விலை வித்தியாசம் மிகப் பெரியது என்பதால், "வைரமா?" என்பதோடு நிறுத்தாமல் "இயற்கையா, வளர்த்ததா?" என்றும் கேளுங்கள்.

வைரங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) போன்ற ஆய்வகங்களின் சான்றிதழ் இருந்தால், அதன் எண்ணை அவர்களின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். கல்லின் இடுப்பு விளிம்பில் அதே எண் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கலாம். எண் பொருந்துவதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். நல்ல வைரத்தின் எண்ணை வேறு கல்லில் பொறித்து விற்றிருக்கிறார்கள். அளவும் எடையும் உள்ளிருக்கும் புள்ளிகளின் இடமும் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ரசீதைப் படியுங்கள். கண்ணாடித் துண்டோடு வந்தவரிடமும் கேட்டேன். மடித்து மடித்து நைந்துபோன தாளைப் பணப்பையிலிருந்து எடுத்தார். தங்கத்தின் எடை மில்லிகிராம் வரை துல்லியமாக இருந்தது, கூலி இருந்தது, வரி இருந்தது. வைரம் என்ற சொல் எங்கேயும் இல்லை. "கல் மோதிரம்" என்று எழுதியிருந்தார்கள்.