கணைக்கால் உளைச்சல்: ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

'பெரியோர் திட்டு.' வகுப்புக்கு வராததற்குக் காரணம் என்று என் தங்கை மகள் தமிழ் நோட்டில் எழுதியிருந்தது இதுதான். யாரம்மா திட்டினார்கள் என்று கேட்டேன். யாரும் திட்டவில்லையாம், டாக்டர் சொன்ன வார்த்தையாம், காதில் விழுந்தபடி தமிழில் எழுதிவிட்டாளாம். டாக்டர் சொன்னது 'பெரியோஸ்தித் திபியால்'. மொரீஷியஸில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இந்த மாதிரிச் சம்பவங்கள் புதிதில்லை. பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும், வாரத்தில் சில மணி நேரம்தான் தமிழ். அதனால் ஒரு நோய் மூன்று பெயரோடு வரும், நான்காவதை நாம்தான் தேட வேண்டியிருக்கும். இவளும் வீட்டில் என்னை மாமா என்பாள், வகுப்பில் ஐயா என்பாள். அன்று மாமாவுக்கும் ஐயாவுக்கும் சேர்த்தே கேள்வி வந்தது: இதற்குத் தமிழில் என்ன?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜூலை விடுமுறையில் கடைத்தொகுதி ஒன்றில் இருந்த நடன எந்திரத்தில் ஆடிப் பார்த்தாள். ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1998இல் கொண்டுவந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வகையைச் சேர்ந்த விளையாட்டு. திரையில் அம்புக்குறிகள் மேலே ஏறும், காலடியில் நான்கு திசைக்கும் நான்கு தட்டு, பாட்டின் தாளத்துக்குச் சரியாக அந்தந்தத் தட்டை மிதிக்க வேண்டும். பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்கு ஒரு மெல்லிய பாய் வாங்கி, டைல்ஸ் தரையில் விரித்து, வெறுங்காலோடு தினமும் இரண்டு மணி நேரம். மூன்றாவது வாரம் மாடிப்படி இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே கால் வலித்து முகத்தைச் சுளித்தாள். டாக்டர் பிரெஞ்சில் ஒன்று சொன்னார், கூட ஆடும் சிநேகிதிகள் ஆங்கிலத்தில் 'ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ்' என்றார்கள், என் தங்கை அந்த ஆங்கிலச் சொல்லைக் கைபேசியில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தாள். 'பிளவுகள்' என்று வந்தது. எலும்பு பிளந்துவிட்டது என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

பிளக்கவில்லை. அந்தச் சொல்லின் கதை வேறு.

ஸ்ப்ளிண்ட் என்றால் மெல்லிய தகடு, பட்டை. இடைக்கால ஆங்கிலத்தில் கவசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தகடுக்கு அந்தப் பெயர். உடைந்த எலும்பை அசையாமல் கட்ட வைக்கும் மரப்பட்டைக்கும் அதே பெயர். நம் ஊர் எலும்பு வைத்தியர்கள் வைக்கும் மூங்கில் பத்தை, சிம்பு. (நடிகரை நினைக்க வேண்டாம், சிம்பு என்றால் பிளந்த மெல்லிய குச்சி.) குதிரைக்காரர்கள் இதே சொல்லை இன்னொன்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். குதிரையின் கால் எலும்பை ஒட்டி இரு பக்கமும் குச்சி போல இரண்டு சிறு எலும்புகள் உண்டு. இளங்குதிரையைக் கெட்டித் தரையில் அதிகம் ஓட்டினால் அந்த இடம் வீங்கி முடிச்சு விழும். அந்த நோய்க்கும் ஸ்ப்ளிண்ட் என்றே பெயர். ஓட்டப் பந்தயக்காரர்களின் கால் வலிக்கு இந்தப் பெயர் குதிரை லாயத்திலிருந்துதான் வந்தது என்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தைக் குறிக்கும் ஷின் என்ற சொல்லுக்கே ஜெர்மனில் ஒரு உறவுக்காரச் சொல் உண்டு, 'ஷீன'. அதற்கு அர்த்தம் தகடு, எலும்பைக் கட்டும் பட்டை! ஆக, வேரைத் தோண்டினால் ஷின் ஸ்ப்ளிண்ட் என்பது கிட்டத்தட்ட 'பட்டைப் பட்டை'. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'கணைக்கால் சிம்பு' என்று வைத்தால், காலில் கட்டுப் போட்டிருக்கிறது என்றுதான் கேட்பவர் நினைப்பார். வேண்டாம்.

பிரெஞ்சுப் பெயர் கொஞ்சம் படித்த பெயர். எலும்பின் மேல் போர்த்திய மெல்லிய உறைக்குப் பெரியோஸ்த் என்று பெயர், கடைசியில் வரும் 'இத்' அழற்சியைக் குறிக்கும், திபியா என்பது முன் எலும்பு. லத்தீனில் திபியா என்றால் குழல் என்றும் அர்த்தம், அந்தக் காலத்தில் எலும்பில் ஊதுகுழல் செய்தார்கள். தமிழில் வைத்தால் 'கணைக்கால் எலும்புறை அழற்சி'. அழல் என்றால் நெருப்பு, அதிலிருந்து அழற்சி, நல்ல சொல்தான். ஆனால் இந்த வலியில் அழற்சியே முக்கியம் என்ற கருத்து இப்போது தளர்ந்துவிட்டது. தொடர்ந்து அடி வாங்கும் எலும்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள நேரம் கிடைக்காமல் போவதும், அதில் பிடித்திருக்கும் சதைகள் இழுப்பதும்தான் காரணம் என்று இன்றைய விளையாட்டு மருத்துவம் சொல்கிறது. அதனால்தான் மருத்துவ ஆங்கிலத்திலும் பெயரை மாற்றி, முன் எலும்பின் உட்புறத்தில் அழுத்தத்தால் வரும் தொல்லை என்ற பொருளில் நீட்டி முழக்கிவிட்டார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். இடத்துக்குப் பெயர் நம்மிடம் தயாராக இருக்கிறது: கணைக்கால். இதைக் கணுக்காலோடு போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய பேர், அகராதிகளே சில சமயம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. கரும்பு இல்லாத திசையே இல்லாத இந்தத் தீவில் இதை விளக்குவது சுலபம். ஒரு துண்டுக் கரும்பைக் கையில் கொடுத்து, முடிச்சு முடிச்சாக இருப்பது கணு, பாதத்தின் மேல் இருக்கும் முடிச்சு கணுக்கால், அந்த முடிச்சுக்கும் முழங்காலுக்கும் நடுவே திரண்டு நீண்டிருக்கும் பகுதி கணைக்கால் என்பேன். கணைக்கு அம்பு என்றும் அர்த்தம், திரட்சி என்றும் அர்த்தம். இந்தப் பெயரிலேயே ஒரு சேர மன்னன் இருந்தான், கணைக்கால் இரும்பொறை. தங்கை மகளுக்கு அரசனைவிட அம்பு பிடித்துவிட்டது. "அப்போ கணையை மிதிச்சதால கணைக்கால் வலிக்குது, அப்படித்தானே மாமா?" என்றாள். சொற்பிறப்பு ஆராய்ச்சி என்று இதை யாரிடமும் சொல்ல முடியாது. நினைவில் நிற்க இதைவிட என்ன வேண்டும்?

'முன்னங்கால்' என்று எழுதாதீர்கள், அது மாட்டுக்கும் குதிரைக்கும். கெண்டைக்கால் என்பது பின்பக்கச் சதை, கெண்டை மீன் போல இருப்பதால். அதற்கு அடியில் தட்டையாக இன்னொரு சதை உண்டு, இந்த வலியில் அதற்கும் பங்கு இருக்கிறது. அதன் லத்தீன் பெயர், செருப்புக்கும் ஒரு தட்டை மீனுக்கும் பொதுவான சொல்லிலிருந்து வந்தது. நமக்கும் மீன், அவர்களுக்கும் மீன்.

இனி வலி. இங்கேதான் தமிழ் மற்ற மூன்று மொழியையும்விட உதவுகிறது. கிரியோலில் 'மோ லாஜாம் பே ஃபேர்மால்' என்றால் முடிந்தது, கால் வலிக்கிறது, அவ்வளவுதான். தமிழில் கால் கடுக்கும், உளையும், குடையும், குத்தும், இழுக்கும், தெறிக்கும், மரத்துப்போகும். ஒவ்வொன்றும் வேறு வேறு. கோவில் வரிசையில் நின்றால் கடுப்பு. எல்லை தெரியாமல் ஒரு நீளத்துக்குப் பரவி அரித்தெடுப்பது போல இருந்தால் உளைச்சல். இந்த வேறுபாடு அழகுக்கு இல்லை, டாக்டர் கேட்கும் கேள்வியே இதுதான்.

அவளிடம் விரலால் தடவிக் காட்டச் சொன்னேன். கணைக்காலின் உள்விளிம்பில், கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே ஆரம்பித்து, ஒரு சாண் அளவுக்கு விரலை ஓட்டினாள். "இங்க எல்லாம்." அதுதான் அடையாளம். ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல் நீளமாகப் பரவிய வலி, ஆட ஆரம்பிக்கும்போது இருக்கும், உடம்பு சூடானதும் கொஞ்சம் குறையும், நிறுத்திய பிறகோ மறுநாள் காலையோ திரும்ப வரும். இது உளைச்சல். அப்படியில்லாமல் ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்தால் துள்ளிவிழும்படி குத்தினால், படுத்திருக்கும்போதும் ராத்திரியிலும் வலித்தால், எலும்பில் நுண்ணிய கீறல் விழுந்திருக்கலாம், ஆட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் அந்தக் கீறல் தெரியாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆடும்போது கணைக்கால் கல் மாதிரி இறுகி, பாதம் மரத்துப்போய், நிறுத்தினால் சரியாகிறது என்றால் அது மூன்றாவது வகை, சதைக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுவது. அதையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

ஆக என் தேர்வு 'கணைக்கால் உளைச்சல்'. எங்கே என்பதும் எப்படி என்பதும் பெயரிலேயே இருக்கிறது. என்ன காரணம் என்று தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, நாளைக்கு மருத்துவர்கள் கருத்தை மாற்றினாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. எழுத்தில் துல்லியம் வேண்டும் என்றால் 'முன்னெலும்பு உள்விளிம்பு அழுத்த நோய்' என்று யாராவது எழுதிக்கொள்ளட்டும், நான் வாயால் சொல்ல மாட்டேன்.

இந்த விளையாட்டில் இது ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை அவள் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது கண்டுகொண்டேன். ஒவ்வொரு அம்பை மிதித்த பிறகும் காலை நடுவுக்குக் கொண்டுவந்து வைத்தாள். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் செய்வது இது. ஒரு பாட்டு ஒன்றரை, இரண்டு நிமிடம்தான், ஆனால் கடினமான நிலைகளில் அதற்குள் சில நூறு மிதி வந்துவிடும், நடுவுக்குத் திரும்பினால் அது இரட்டிப்பு. தவிர, தட்டு உணரவில்லையோ என்ற பயத்தில் 'தொம் தொம்' என்று உதைத்தாள். எந்திரத்துக்குத் தேவை லேசான தொடுதல். காலை மிதித்த தட்டிலேயே விட்டுவிட்டு, அடுத்த அம்புக்கு அடுத்த காலை நகர்த்தி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முன்பாதத்தால் மெதுவாகத் தட்டினால் போதும். பாய் நழுவியதால் கால் முழுக்க எப்போதும் இறுகியே இருந்தது வேறு. அடியில் ஒரு பலகையும் அதன்மேல் தடித்த ரப்பர் விரிப்பும் போட்டுப் பாயை ஒட்டிவிட்டோம். கடைத்தொகுதியின் உலோகத் தட்டில் ஆடும்போது கட்டாயம் ஷூ, அதுவும் உள்ளே மெத்தை தேய்ந்துபோகாத ஷூ. தட்டைப் பாதக்காரர்களுக்கு இந்த உளைச்சல் எளிதில் வரும், அவர்கள் ஷூவுக்குள் வைக்கும் தாங்கியைப் பற்றி விசாரிக்கலாம்.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பொறுமைதான். குதிப்பையும் ஓட்டத்தையும் நிறுத்த வேண்டும், கட்டிலில் படுக்கத் தேவையில்லை, நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். கடல் பக்கத்தில் இருக்கும்போது இது ஒரு தண்டனையா? ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. என் தங்கை சூடாக எண்ணெய் தேய்த்து எலும்போரமாக அழுத்தி உருவ ஆரம்பித்தாள், நான் தடுத்தேன். சதையை மெதுவாகத் தடவினால் சுகம், வலிக்கும் எலும்பை அழுத்தினால் தொல்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் நிறுத்தச் சொல்லும் ஒரே ஆளின் வாயை மூடுகிறோம். சாதாரணமாகச் சில வாரங்களில் குறையும், இழுத்தடித்தால் மாதக்கணக்கில் போகும். நடக்கும்போது வலி நின்ற பிறகு, படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சி, முழங்காலை நேராக வைத்து ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டே பாட்டு, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஆடும் பெண் பிள்ளைகளுக்கு, அதுவும் மாதவிலக்கு தவறினால், எலும்பு வலுவிழக்கும்; அம்மாக்கள் இதை வெட்கப்படாமல் கேளுங்கள்.

இது எந்திரக்காரர்களின் நோய் மட்டும் இல்லை. சிமெண்ட் தரையில் தட்டடவு தட்டும் பரத மாணவிகளுக்கும் வரும். வருஷம் முழுக்க ஷூவில் நடந்துவிட்டுத் தைப்பூசத்தன்று வெறுங்காலோடு தார்ச் சாலையில் காவடி ஆடி, கோர் தெ கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவில் படியும் ஏறியவர்கள் மறுநாள் எங்கே தடவிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு ஆட்சேபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். கூட வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர், உளைச்சல் என்றாலே இப்போது மன உளைச்சல்தானே, காலுக்கு அது பொருந்துமா என்றார். தலைகீழாகப் பார்க்கிறார். உளைந்தது முதலில் உடம்புதான், மனசு அதைப் பிற்பாடு கடன் வாங்கியது. கைகால் உளைச்சல் என்று இன்றும் தமிழ்நாட்டில் தைலம் விற்கிறார்கள், இலங்கைத் தமிழரிடம் கேட்டால் கால் உளையுது என்பார். அவர் ஒத்துக்கொண்டாரா என்றால், பாதிதான். தங்கை மகளோ நோட்டில் 'பெரியோர் திட்டு' என்பதை அடித்துவிட்டுப் புதுச் சொல்லை எழுதினாள், ளகரத்துக்குப் பதில் லகரம் போட்டு. அதற்குத் திட்டு விழுந்தது.