கல்லாறு சோதனைச் சாவடியில் எந்த வண்டியை நிறுத்துவது?

கோத்தகிரியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டிருக்கிறார்: "கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். 'உறைபனி விழுந்தால் கொழுந்து கருகும். கொழுந்து கருகியிருக்கிறது. ஆகவே உறைபனி விழுந்திருக்கிறது.' இது தவறான முடிவு என்கிறது விடைப்பகுதி. எங்கள் தோட்டத்தில் ஜனவரியில் அப்படித்தானே நடக்கிறது?"

தேயிலைக் கொசு உறிஞ்சினாலும் கொழுந்து கருகும், கடும் வறட்சியிலும் கருகும். உறைபனி விழுந்தால் என்ன ஆகும் என்று மட்டுமே கேள்வி சொல்கிறது. கருகலுக்கு வேறு காரணமே கிடையாது என்று சொல்லவில்லை. இது பள்ளிக் கணக்குப் பாடத்திலேயே வருவதுதான். ஆனாலும் 120 நிமிடத்தில் 120 கேள்வி, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும் என்ற அவசரத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இங்கேதான் சறுக்குகிறார்கள். அது ஏன் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1966-இல் பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு புதிர் போட்டார். அதை நம் எழுத்தில் பார்ப்போம். மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். கண்ணுக்குத் தெரிவது: அ, க, 4, 7. விதி: உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண். விதி உண்மையா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்?

பெரும்பாலோர் 'அ', '4' என்பார்கள். சரியான விடை 'அ', '7'. இந்த மாதிரிப் புதிர்களில் பத்தில் ஒருவர் சரியாகச் சொன்னாலே அதிகம். 4-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தாலும் உயிர்மெய் எழுத்து இருந்தாலும் விதிக்குப் பாதிப்பில்லை. 7-இன் பின்னால் 'அ' இருந்தால் விதி அங்கேயே உடைந்துவிடும்.

இப்போது மேட்டுப்பாளையம் சாலைக்கு வாருங்கள். 2024 மே 7 முதல், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டி ஊட்டிக்கு ஏற இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம். மற்ற விலக்குகளை விட்டுவிடுவோம். கல்லாறில் நீங்கள்தான் காவல். முதல் வண்டி டிஎன் 43. இரண்டாவது கேரளப் பதிவு. மூன்றாமவர் கைபேசியில் பாஸைக் காட்டுகிறார், நம்பர் பிளேட் கண்ணில் படவில்லை. நான்காமவர் பாஸ் இல்லை என்கிறார், பிளேட்டை மறைத்துச் சேறு அப்பியிருக்கிறது.

இரண்டாவது வண்டியிடம் பாஸ் கேட்பீர்கள், நான்காவதன் சேற்றைத் துடைப்பீர்கள். மூன்றாவதைச் சீந்தக்கூட மாட்டீர்கள். அதே நான்கு அட்டைகள்தான், கணக்கில் இம்மியும் மாறவில்லை! 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் இருவரும் அமெரிக்க மாணவர்களிடம் 'பீர் குடித்தால் 19 வயது தாண்டியிருக்க வேண்டும்' என்று புதிரை மாற்றிக் கொடுத்தபோது, ஏறக்குறைய நான்கில் மூவர் சரியாகச் சொன்னார்கள். ஏமாற்றுபவரைப் பிடிப்பதற்கென்றே நம் மூளை பரிணாமத்தில் பழகியிருக்கிறது என்பது லீடா காஸ்மிடஸின் விளக்கம். எல்லோரும் அதை ஏற்கவில்லை. அனுமதி, கடமை பற்றிய அன்றாடப் பழக்கமே போதும் என்பாரும் உண்டு.

எது சரியாக இருந்தாலும் தேர்வுக்கு வழி கிடைத்துவிட்டது. 'விழுந்தால்', 'இருந்தால்' என்று விதி வந்ததும், இதை மீறுவது எது என்று கேளுங்கள். உறைபனி விழுந்தும் கருகாத கொழுந்து, அது ஒன்றுதான். அதனால் கருகாத கொழுந்தைக் கண்டால் உறைபனி விழவில்லை என்று துணிந்து சொல்லலாம். கருகிய கொழுந்திலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

மலையேறும் முன் டயரில் எலுமிச்சை நசுக்குகிறோமே, அதையும் இப்படிச் சோதிக்கலாம். நசுக்கிப் பத்திரமாக வந்தவர்களைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்த வண்டியில் எலுமிச்சை நசுக்கினார்களா என்று யாரும் விசாரிப்பதில்லை. இந்த ஒரு கேள்வியை எட்டாம் வகுப்பிலேயே கற்றுத்தர வேண்டும் என்பேன். தர்க்கம் காசு கட்டிப் பயிற்சி மையம் போகிறவர்களுக்கு மட்டும் உரியதாக இருப்பது அநியாயம்.

மாணவிக்கு இன்னொன்று. கேள்வியில் 'உறைபனி விழுந்தால் மட்டுமே கொழுந்து கருகும்' என்று இருந்தால், மீறல் இடம் மாறிவிடும்: உறைபனி இல்லாமல் கருகிய கொழுந்து. அப்போது நீங்கள் எழுதிய முடிவு முழுக்கச் சரி.